மூன்று மாதம் ஆற்றை மூடினால் களவு வலை நிற்குமா?

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஆற்றில் கொடுவா, சினை நண்டு, பெரிய ஆற்று இறால் மூன்றும் கண்முன்னே குறைந்துகொண்டு போகிறது. மாரியில் மூன்று மாதம் மீன்பிடியை முற்றாகத் தடைசெய்யச் சொல்லித் திணைக்களத்தைக் கேட்போம் என்று சங்கத்தில் ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். மற்றவர்களோ, நாங்கள் நிறுத்தினால் இரவில் தங்கூசி வலை போடுகிறவனுக்குத்தான் கொண்டாட்டம் என்கிறார்கள். தடைக்காலம் மீனைக் காப்பாற்றுமா, எங்கள் அடுப்பை அணைப்பதோடு முடிந்துவிடுமா?"

ஆறு என்று அவர் எழுதுவது மட்டக்களப்பு வாவியை. நம் பக்கத்துப் பேச்சில் வாவிக்கு அதுதான் பெயர், நானும் அப்படியே சொல்கிறேன். தங்கூசி என்பது ஒற்றை நைலோன் நரம்பில் முடைந்த, நீரில் கண்ணுக்குத் தெரியாத வலை.

தயங்குகிறவர்கள் பேச்சில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. தடைக்காலம் வந்தால் சட்டத்துக்குப் பயந்தவரின் தோணிதான் முதலில் கரையேறும். இரவில் வருகிறவன் கலண்டர் பார்த்து வருவதில்லை. ஆனாலும் தடை கேளுங்கள் என்றுதான் சொல்வேன், கேட்கிற விதத்தை மாற்றிக் கேளுங்கள். முழு ஆற்றையும் மூன்று மாதம் மூடச் சொல்லாதீர்கள். மீன் கடந்துபோகிற வாசலை, அதாவது ஆறு கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை, அது கடக்கிற நாட்களில் மூடச் சொல்லுங்கள். கூடவே, அந்த நாட்களில் அந்த மீனை வாங்குகிறவரையும் தடைக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஏன் வாசல்? நீங்கள் பெயர் சொன்ன மூன்றுமே வாசலை நம்பிப் பிழைக்கிற உயிர்கள். நண்டை எடுங்கள். பெண் நண்டு ஆற்றுக்குள்ளேயே ஆணோடு சேர்கிறது, முட்டை விடக் கடலுக்குப் போகிறது. ஒரு பெண் நண்டு விடும் முட்டை பத்து லட்சத்துக்கு மேல். கடலில் பொரித்த குஞ்சு பிறகு முகத்துவாரத்தால் உள்ளே வந்து கண்டல் வேருக்குள் வளர்கிறது. வயிற்றுப் பக்கத்து மடல் அகன்று வட்டமாக இருந்தால் பெண், ஒடுங்கிக் கூம்பாக இருந்தால் ஆண் என்பது உங்கள் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். உள்ளே சிவப்புச் சினை நிறைந்த பெண் நண்டுக்குத்தான் சந்தையில் கூடிய விலை. அதாவது கடலுக்குப் புறப்படத் தயாராக இருக்கிற தாயைத்தான் நாம் தேடித் தேடிப் பிடிக்கிறோம்.

கொடுவாவின் கதை இன்னும் விசித்திரம். அது முதலில் ஆணாக முதிர்கிறது, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. உங்கள் வலையில் விழுகிற ஆளுயரக் கொடுவா ஏறக்குறைய எல்லாமே பெண்தான். அது முட்டை விடுவதற்கு முகத்துவாரத்து உவர்நீர் வேண்டும், குஞ்சு வளர்வதற்கு உள்ளே இருக்கிற நன்னீர் வேண்டும். வாசலில் குறுக்கே ஒரு வலை நின்றால் இரண்டு பயணமும் அறுந்துபோகும்.

ஆற்று இறால் மேலிருந்து வாசல் பக்கம் வருகிறது. முந்தனையாறு போன்ற மேலாறுகளிலிருந்து வெள்ளத்தோடு சினை இறால் கீழே இறங்கும். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வாலின் அடியில், நீச்சல் கால்களுக்கு நடுவே, முட்டைக் கொத்து ஒட்டியிருக்கும். புதிதாக இட்டது செம்மஞ்சள் நிறம். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கச் சாம்பல் நிறமாகும், கிட்டப் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கரும்புள்ளிக் கண் தெரியும். ஏறக்குறைய மூன்று வாரம் தாய் அதைச் சுமந்துகொண்டு திரிகிறது. பொரித்த குஞ்சு ஓரிரு நாளில் உவர்கலந்த நீரை அடையாவிட்டால் செத்துவிடும். சாம்பல் நிறச் சினையோடு ஓர் இறாலைப் பிடித்தால், இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் ஆயிரமாயிரம் குஞ்சாகியிருக்கும் ஒன்றைப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இதே காரணத்தால் தடைக்காலம் பயன்படாத இடமும் உண்டு. உன்னிச்சைக் குளத்திலோ நவகிரிக் குளத்திலோ இருக்கிற உறவினர்கள் "எங்களுக்கும் தடை கேட்போம்" என்று வந்தால் யோசிக்கச் சொல்லுங்கள். குளத்தில் அதிகம் விழுவது திலாப்பியா. 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், வருடம் முழுக்க இனம் பெருக்கும், குஞ்சை வாய்க்குள் வைத்துக் காக்கும். அதற்கு எந்த மாதத்தை மூடினாலும் பெரிய வித்தியாசம் வராது, வலைக்கண்ணின் அளவுதான் முக்கியம். உள்நாட்டு நீரில் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பதற்கு அதுதான் காரணம். குளத்தில் விடுகிற ஆற்று இறாலுக்கு உவர்நீருக்குப் போக வழியில்லாவிட்டால் இனப்பெருக்கமே இல்லை. குஞ்சு விட்டால் வளரும், பிடித்தால் முடியும், திரும்ப விட வேண்டும். விரால் வேறு. செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பது போலத் தெரியும்போது தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டுத் தாயைத் தூக்கினால் குஞ்சுக் கூட்டத்தை மற்ற மீன்கள் மேய்ந்துவிடும். அதற்குத் தடைச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊரில் நாலு பேர் சொன்னாலே போதும்.

சரி, களவு வலைக்கு வருவோம்.

உங்கள் சங்கத்தில் யாரும் எழுப்பாத ஒரு கேள்வி இருக்கிறது. இப்போது இரவில் ஆற்றில் யார் என்ன செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்குத்தான். கடற்றொழில் பரிசோதகருக்குத் தெரியாது, பொலிசுக்கும் தெரியாது. வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற நீரைச் சுற்றிவர எந்தத் திணைக்களத்திடமும் படகும் இல்லை, எண்ணெய்க்குக் காசும் இல்லை. ஆற்றில் இருக்கிற காவல் என்றால் விடியவிடிய வீச்சு வலையோடு நிற்கிற உங்கள் ஆட்கள்தான். முழு ஆற்றையும் மூடினால் அந்தக் கண்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விடும். களவு வலைக்காரனுக்கு வெறும் ஆறு கிடைக்கும். "அவனுக்குத்தான் கொண்டாட்டம்" என்று உங்கள் ஆட்கள் சொல்வதில் நான் காணும் உண்மை இதுதான்.

சின்ன இடத்தை மூடினால் நிலைமை தலைகீழாகும். பாலமீன்மடு முகத்துவாரத்தின் உட்பக்கம் ஒரு துண்டு, தெற்கே கல்லாற்று வாசலில் ஒரு துண்டு என்று எல்லை போட்டால், அதைச் சுற்றி உங்கள் தோணிகள் வழக்கம்போலத் தொழில் செய்யும். எல்லைக்குள் ஒரு விளக்கு அசைந்தாலும் பத்துப் பேர் பார்ப்பார்கள். இன்னொரு வசதியும் உண்டு. சாதாரண நாளில் ஒருவரைக் குற்றவாளி என்று காட்ட வலையை இழுத்தெடுத்துக் கண் அளக்க வேண்டும், அது தங்கூசியா சாதா நைலோனா என்று வாதாட வேண்டும். மூடிய இடத்தில் அந்தத் தொல்லை இல்லை. அந்த நாளில் அந்த இடத்தில் வலை கிடந்தாலே குற்றம். நீதவான் முன்னால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது ஒருமுறை சாட்சி சொல்லப் போனவருக்குத் தெரியும்.

தங்கூசியை நான் ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கோடையில் நீர் வற்றியபோது கண்டல் வேரில் சிக்கிய ஒரு துண்டு வலையை இழுத்தோம். கண்ணுக்கே தெரியாத நரம்பு, முழங்கையளவு உருண்டையாகச் சுருண்டிருந்தது. அதற்குள் மீன் முள்ளுகள், ஒரு நண்டின் வெற்றோடு, நடுவில் உயிரோடு இன்னொரு நண்டு, ஒரு கால் அறுந்தபடி. யார் எப்போது தொலைத்த வலையோ, உக்காமல் கிடந்து தன்பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. அதைத் தடைக்காலத்துக்கு மட்டும் தடுப்பதில் அர்த்தமில்லை. தங்கூசி ஏற்கெனவே வருடம் முழுக்கத் தடைதான். அந்தத் தடையை நடைமுறைப்படுத்தும்படி கேட்பது வேறு கடிதம், அதையும் எழுதுங்கள்.

மாதக்கணக்குத் தடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனத்து யாங்சி ஆறு பெரிய பாடம். 2003 முதல் அங்கே வருடத்துக்கு மூன்று மாதம் மூடினார்கள், 2016இல் நான்கு மாதமாக்கினார்கள். மூடிய மாதத்தில் பொரித்த குஞ்சு, திறந்த மாதங்களில் வளர முன்னரே வலைக்குள் போய்விட்டது. கடைசியில் 2021 ஜனவரி 1 முதல் பத்து வருடத்துக்கு முழுத் தடை. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மீனவர்கள் தொழிலை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. அந்த ஆற்றின் துடுப்புமூக்கு மீன் அதற்கு முன்னரே அழிந்துவிட்டது, அதில் அணைக்கும் பெரிய பங்குண்டு. நேரத்தோடு சின்னதாய்ச் செய்யாவிட்டால் பிறகு பெரிதாய்ச் செய்ய நேரிடும் என்ற பயத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

வங்காளதேசத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே இலிசா என்கிற உள்ளமீன் முட்டை விட ஆறேறும் ஒக்டோபர் முழுநிலவை ஒட்டி 22 நாள் தடை. குஞ்சு வளர்கிற மாதங்களில் குஞ்சு பிடிக்கத் தடை. தடை நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு அரிசி கொடுக்கிறது. 2002-03இல் ஏறக்குறைய இரண்டு லட்சம் தொன்னாக இருந்த இலிசா 2017-18இல் ஐந்து லட்சம் தொன்னைத் தாண்டியது. அங்கேயும் களவுப் பிடி இருக்கிறது, அரிசி கிடைக்காதவர்களின் முறைப்பாடும் இருக்கிறது. ஆனால் மூன்று விசயத்தைச் சேர்த்துச் செய்தார்கள்: மீனின் நாளைப் பார்த்து மூடினார்கள், குஞ்சுக்கும் பாதுகாப்புக் கொடுத்தார்கள், அடுப்பையும் மறக்கவில்லை.

நம் நாட்டிலேயே சிங்கி இறாலுக்குப் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மூன்று மாதமும் தடை இருக்கிறது. சிங்கி இறால் பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகிற பொருள். பிடிக்கிறவர் ஆயிரமாக இருந்தாலும் கடைசியில் சில கைகளூடாகத்தான் வெளிநாடு போகும், அந்தக் கைகளைக் கவனிப்பது கடலைக் கவனிப்பதை விட லேசு. நண்டும் ஏறக்குறைய அதே மாதிரிதான். கரையில் நிறுத்து எடுக்கிற தரகர் யார், ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொழும்புக்கு ஏற்றுகிறவர் யார் என்று உங்களுக்குப் பெயரோடு தெரியும். தடை நாட்களில் சினை நண்டை வாங்குவதும் ஏற்றுவதும் குற்றம் என்று கட்டளையில் ஒரு வரி இருக்க வேண்டும். வாங்க ஆளில்லாத நண்டுக்காக யாரும் இரவில் நனைய மாட்டார்கள். கொடுவாவுக்கும் ஆற்று இறாலுக்கும் இது அவ்வளவு லேசாக நடக்காது, அவை சைக்கிள் பெட்டியில் வீட்டு வாசலுக்கே போய்விடும். அவற்றுக்கு வாசலைக் காப்பதுதான் வழி.

இனி நாள். நீங்கள் கேட்கிற மூன்று மாதத்தைக் கலண்டரில் குறிக்க வேண்டாம். நம் முகத்துவாரம் கலண்டர் பார்த்துத் திறப்பதில்லை. வெள்ளம் வயலுக்குள் ஏறியதும் விவசாயிகள் கேட்க, மணலை வெட்டிவிடுகிறார்கள். சில வருடம் கார்த்திகையில், சில வருடம் மார்கழியில். வெட்டிய அன்றே மீன் வாசலுக்கு அடைசலாக வரும், வலையும் அடைசலாக வரும். அப்புறம் மழை ஓய்ந்து ஓட்டம் குறைந்ததும் மணல் அடைத்துக்கொள்ளும். ஆகவே "வாசல் திறந்த நாளிலிருந்து இத்தனை வாரம்" என்று கேளுங்கள். என் கணக்கில் ஆறு வாரம் போதும்: சினை இறால் இறங்க, நண்டு வெளியேற, குஞ்சுகளின் முதல் அலை உள்ளே வர. ஆறு வாரம் என்றால் உங்கள் ஆட்களும் பொறுப்பார்கள்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டத்தில் இதற்கெல்லாம் இடமிருக்கிறது. அமைச்சர் வர்த்தமானி மூலம் தடைக்காலம் அறிவிக்கலாம், ஒரு நீர்ப்பகுதியை முகாமைத்துவப் பிரதேசமாக்கி அதற்கு மீனவர்களைக் கொண்டே குழு அமைக்கலாம். ஆனால் ஒரு சங்கம் தனியே கேட்டால் நடக்காது. படுவான்கரையார் மட்டும் கையெழுத்திட்ட கடிதத்தைக் கிழக்குக் கரையிலுள்ள எழுவான்கரையார் தங்கள் வயிற்றில் அடிக்கிற கடிதம் என்றுதான் வாசிப்பார்கள். காத்தான்குடி, கல்லடி, கல்லாறு, ஏறாவூர் என்று ஆற்றில் தோணி விடுகிற எல்லா ஊரும், தமிழரும் முஸ்லிம்களும், ஒரே தாளில் ஒப்பமிட வேண்டும். வயல்காரரையும் கூப்பிடுங்கள், வாசல் வெட்டுவது அவர்களுக்காகத்தானே.

அதற்கு முன் உங்களுக்குள் ஒரு கணக்கு எடுங்கள். வாசலில் மட்டுமே தொழில் செய்கிறவர் எத்தனை குடும்பம்? அவர்களுக்கு அந்த ஆறு வாரமும் வேறு துறையில் இடம் கொடுப்பது யார்? இதைப் பேசி முடிக்காமல் தடை வந்தால், முதல் களவு வலை அந்த வீடுகளிலிருந்துதான் வரும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கரையோரம் அத்தாங்கு போட்டுக் கறிக்கு நாலு இறால் வாருகிறவர்களையும் எல்லைக்கு வெளியே வைத்து நிம்மதியாக விடுங்கள்.

இன்னொன்று, கண்டிப்பாக. இரவில் களவு வலைக்காரனோடு நேருக்கு நேர் போகாதீர்கள். வலையை நீங்களே எடுத்து எரித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். நேரத்தையும் இடத்தையும் குறித்து, போனில் படம் எடுத்து, பரிசோதகருக்கும் பொலிசுக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். சொன்னதை சங்கத்தின் கூட்ட அறிக்கையிலும் பதியுங்கள். யாரும் வராவிட்டால் அடுத்த கடிதத்துக்கு அந்தப் பதிவுதான் ஆதாரம்.

வர்த்தமானி வேலைக்கு மாதங்கள் எடுக்கும். மாரிக்கு ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது கொடுக்கிற கடிதம் அடுத்த மாரிக்குத்தான் உதவும். சித்திரை கழிந்த கையோடு கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். இந்த மாரியில், சட்டம் வர முன்னரே, சங்கங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்ட ஒரு சின்ன எல்லையை நீங்களாகவே வைத்துப் பாருங்கள். நாலு மிதவை, நல்ல கயிறு, இரவில் விளக்குப் பட்டால் மின்னுகிற ஒட்டுநாடா இருந்தால் போதும். நங்கூரத்துக்கு மண்மூட்டை வேண்டாம், முதல் வெள்ளத்திலேயே அள்ளிக்கொண்டு போய்விடும். கொங்கிறீற் கட்டிதான் நிற்கும்.