எத்தனை ஊசி?

கேள்வி: என் நாத்தனார் மகள் இங்கிலாந்தில் உளவியல், உடல்நலத் துறையில் இருபது வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். லீவுக்கு வந்தவளுக்குப் போன மாதம் கோவில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினோம். ‘உலகத்தில் 6,000 பேர் இவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், இவருடைய எச் இண்டெக்ஸ் 31’ என்று மேடையில் அறிவித்தார்கள். எல்லாரும் கைதட்டினோம். வீட்டுக்கு வந்ததும் என் மகன், ‘அதெல்லாம் மொய்க் கணக்கு, நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்’ என்கிறான். யார் சொல்வது சரி?
(ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

பதில்: அம்மா, உங்கள் கடிதம் இரண்டு பக்கம். பொன்னாடையின் கரை என்ன நிறம் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் எதை ஆராய்கிறார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. மேடையில் அறிவித்தவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தைப்பூசக் காவடியில் அலகு குத்தி வருகிறவரைப் பார்த்து ‘எத்தனை ஊசி?’ என்று எண்ணிவிட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்காமலே வீட்டுக்குப் போகிற கூட்டம் நாம். மண்டபத்திலும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

சரி, எண்ணுக்கு வருவோம். 6,000 பேர் இல்லை, 6,000 தடவை. ஒருவரே தன் பத்துக் கட்டுரையில் இவர் பெயரைக் குறிப்பிட்டால் கணக்கில் பத்து. எச் இண்டெக்ஸ் என்பது ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு. 31 என்றால், அவருடைய கட்டுரைகளில் 31 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 31 முறை மேற்கோள் ஆகியிருக்கின்றன என்று பொருள். ஒரே கட்டுரை எழுதி அது 5,000 முறை மேற்கோள் ஆனாலும் உங்கள் எண் 1தான். பத்துக் கட்டுரை எழுதி ஒவ்வொன்றும் பத்து முறை ஆனால் எண் 10. இயற்பியலில் 18 இருந்தால் முழுப் பேராசிரியர் ஆகலாம் என்று ஹிர்ஷ் ஒரு உத்தேசமும் சொன்னார். அந்த 18ஐ உளவியலுக்கோ மருத்துவத்துக்கோ தூக்கிக்கொண்டு வரக்கூடாது. மருத்துவத்தில் ஒரு கட்டுரையின் தலையில் இருபது பெயர் இருக்கும். இருபது பேர் சேர்ந்து எழுதிய மொய்க்கு ஒவ்வொருவர் பெயரிலும் முழுத்தொகை வரவு.

உங்கள் மகன் சொன்ன மொய், பாதி உண்மை. தன் பழைய கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும், ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோளை எண்ணுகிற கூகுள் ஸ்காலர் அதையும் எண்ணிக்கொள்ளும். ஆனால் இருபது வருடம் ஒரே விஷயத்தைப் பிடித்துப் போகிறவர் தன் பழைய கட்டுரையைச் சொல்லாமல் புதியதை எழுதவும் முடியாது. அதையெல்லாம் கள்ளக் கணக்கு என்றால் அநியாயம்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, மகன் அதைப் பார்க்கவில்லை. மேற்கோள் என்பது பெயரைச் சொன்னதற்கான கணக்கு. பாராட்டிச் சொன்னாரா, பொய் என்று சொன்னாரா என்று அது பார்க்காது. ஹான்ஸ் ஐசெங்க் என்று ஒரு உளவியலாளர் லண்டனில் இருந்தார். 1997இல் காலமானார். அந்தத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவர்களில் ஒருவர். குரோசார்த்-மாட்டிசெக் என்பவரோடு சேர்ந்து, புற்றுநோயிலும் இதய நோயிலும் யார் சாவார்கள் என்பதில் சிகரெட்டைவிட மனுஷனுடைய குணத்துக்குத்தான் பங்கு அதிகம் என்று வரிசையாக எழுதினார். சிகரெட் கம்பெனிகளுக்குக் கசக்குமா? ஐசெங்குக்கு அங்கிருந்து பணம் வந்தது. இந்த எண்கள் நம்பும்படி இல்லை என்று 1990களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். மறுக்கிறவரும் பெயரைச் சொல்லித்தானே மறுக்க வேண்டும்? ஒவ்வொரு மறுப்புக்கும் ஐசெங்க் கணக்கில் ஒன்று ஏறியது. அவர் வேலை பார்த்த நிறுவனம் இப்போது லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு சேர்ந்திருக்கிறது. அந்தக் கல்லூரி விசாரித்து, இருவரும் சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று சொன்னது 2019இல். ஆள் போய் 22 வருடம் கழித்து. அதற்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இதழ்கள் திரும்பப் பெற்றன. எச் இண்டெக்ஸ் ஏறுமே தவிர, தானாக இறங்காது.

இப்போது நம் மொரீஷியஸுக்கு வாருங்கள். 1969, 70இல் வாக்வாவிலும் காத்ர் போர்னிலும் பிறந்த பிள்ளைகள் 1,795 பேரை, மூன்று வயதில் வரிசையாக அழைத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். வெனபிள்ஸ், மெட்னிக், பிறகு ரெய்ன் என்ற ஆய்வாளர்களின் வேலை அது. விரலில் மின்முனை ஒட்டி, காதில் ஒலியைக் கேட்க வைத்து, தோலில் வியர்வை எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். வாயோரம் புண் இருக்கிறதா, தலைமுடி செம்பட்டையாக, மெலிந்து இருக்கிறதா, இரத்தம் குறைவா என்றும் பார்த்தார்கள். சத்துக்குறைவுக்கு அவை அடையாளம். மூன்று வயதில் அந்த அடையாளங்கள் இருந்த பிள்ளைகள் 11 வயதில் அறிவுச் சோதனையிலும் பின்தங்கியிருந்தார்கள். நூறு பிள்ளைகளைத் தனியாக ஒரு நல்ல பாலர் பள்ளியில் இரண்டு வருடம் வைத்து நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, படிப்பு கொடுத்தார்கள். 17 வயதில் அவர்களிடம் முரட்டுத்தனம் குறைவு; 23 வயதில் குற்றமும் குறைவு. சிறுவயதில் சத்துக் குறைந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் கூடுதல்.

உலகமெங்கும் உளவியல் வகுப்பில் இதைச் சொல்கிறார்கள். மேற்கோளெல்லாம் ஆய்வாளர் பெயரில். அது முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 1,795 பேருக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சந்தையில் உங்கள் பக்கத்தில் நின்று ப்ரெத் முரூம் (முருங்கைக்கீரை) கட்டுக்குப் பேரம் பேசுகிற அம்மாள் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவருடைய மூன்று வயது விரல் எத்தனை கட்டுரையில் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்லப்போகிறார்கள்? (நம் இதழ் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.)

இன்னொன்று, சுருக்கமாக. 1987இல் அரசு மானிய விலை எண்ணெயை மாற்றியது. பெரும்பாலும் பாமாயிலாக இருந்தது முழுக்க சோயா எண்ணெய் ஆனது. ஐந்து வருடத்தில் இந்தத் தீவு மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5இலிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியது. அதில் எண்ணெய்க்குப் பெரும்பங்கு உண்டு என்று கணித்தார்கள். 1995, 96இல் அது ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்து, அதற்கும் நிறைய மேற்கோள். ஆனால் கடையில் அந்த எண்ணெயை வாங்கி வந்து கத்தோ பிமாங் (மிளகாய் போட்ட பருப்பு வடை) பொரித்த உங்கள் மாமியார் அந்த இதழைப் படித்தா பொரித்தார்? (சர்க்கரை நோய் மட்டும் குறையவில்லை. அதற்குத் தனியாக ஒரு கேள்வி அனுப்புங்கள், கொஞ்சம் காரமாகவே பதில் சொல்கிறேன்.)

ஆகவே கைதட்டியதில் தப்பில்லை. உளவியலில் 31 என்பது உட்கார்ந்த இடத்தில் வருகிற எண் இல்லை. எதற்குத் தட்டினோம் என்று தெரியாமல் தட்டியதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மகனும் அப்படித்தான், எதைப் பழிக்கிறோம் என்று பார்க்காமலே பழிக்கிறான்.

அந்தப் பெண் இங்கிலாந்துக்குத் திரும்புவதற்குள் ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, இலை போட்டு ஏழு கறியோடு சோறு போடுங்கள். பக்கத்தில் மகனையும் உட்கார வையுங்கள். ரசம் வருகிற நேரத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘உன் கட்டுரையில் எதை உலகம் அதிகமாகச் சொல்கிறது? உனக்குப் பிடித்தது எது?’ நான் பேசிப் பார்த்த ஆய்வாளர்கள் யாரும் இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னதில்லை. அவர் சொல்வதை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். அவர் கணக்கில் இன்னொரு மேற்கோள் ஏறும், கூகுள் மட்டும் அதை எண்ணாது.