பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: ஆப்பில் பணம் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் ‘சர்வரிடமிருந்து பதில் இல்லை’ என்று வந்தது. பணம் போனதா இல்லையா என்று ஆப்புக்கே தெரியாதாம். இது சாக்குப்போக்குதானே?

பதில்: சாக்குப்போக்கு இல்லை, அதற்கு நிஜமாகவே தெரியாது. நீங்கள் அனுப்பிய கோரிக்கை வழியில் தொலைந்திருக்கலாம். சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, அது வேலையைத் தொடங்கும் முன்பே படுத்திருக்கலாம். வேலை முழுசாக முடிந்து ‘முடிந்தது’ என்ற பதில் மட்டும் திரும்பும் வழியில் காணாமல் போயிருக்கலாம். எதுவுமே தொலையாமல் எல்லாம் மெதுவாக நடந்துகொண்டிருக்கவும் கூடும். போன் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த நான்குக்கும் துளி வித்தியாசம் கிடையாது.

சரி, இன்னும் ரெண்டு தகவல் கூடுதலாகப் பரிமாறிக்கொண்டால் தெளிவாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது, அதற்கு நிரூபணமே இருக்கிறது. டேட்டாபேஸ் ஆய்வாளர் ஜிம் கிரே 1978-இல் எழுதிய குறிப்புகளில் இதை இரண்டு தளபதிகளின் புதிராகச் சொல்லியிருக்கிறார். இரண்டு குன்றுகளில் இரண்டு படைகள், நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி, ஆனால் தூதன் வழியில் பிடிபடலாம். ‘விடியலில் தாக்குவோம்’ என்று முதலாமவர் சொல்லி அனுப்பினால், அது போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரிய வேண்டும், ஒப்புதல் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டாமவருக்குத் தெரிய வேண்டும், இப்படியே போகும். முடிவில்லாமல் போகிறது என்பது மட்டும் நிரூபணம் ஆகாது, அழகான பகுதி இனிமேல்தான். எப்படியோ ஒப்பந்தம் ஏற்பட்டுவிடும் உரையாடல்களில் மிகக் குறுகியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசித் தூதனும் பிடிபடலாம், அவனை அனுப்பியவருக்கு அது தெரிய வழியில்லை, ஆகவே அவன் போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவர் ஒரே முடிவைத்தான் எடுத்தாக வேண்டும். இருவரும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் மற்றவரும் அப்படித்தான். அப்படியென்றால் அந்தத் தூதனே தேவையில்லை. அவன் இல்லாமல் இன்னும் குறுகிய உரையாடல் போதும் என்றாகிறது. மிகக் குறுகியதை எடுத்தோம் என்றல்லவா தொடங்கினோம்!

அதனால் நல்ல சிஸ்டம்கள் ‘என்ன நடந்தது’ என்று தெரிந்துகொள்வதைவிட, திரும்பக் கேட்டாலும் கெடுதல் வராதபடி பார்த்துக்கொள்வதில்தான் கவனம் வைக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் போன் அந்தக் கோரிக்கைக்குத் தனி எண் ஒன்றை உருவாக்கி அதோடு அனுப்பும். சர்வர் பணத்தை நகர்த்துவதையும் எண்ணைக் குறித்துக்கொள்வதையும் ஒரே டேட்டாபேஸ் பரிவர்த்தனையில் செய்யும், ரெண்டும் நடக்கும் அல்லது ரெண்டும் நடக்காது. அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே கொடுத்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புது எண் உருவாக்கும் ப்ரோக்ராம்களும் உலகத்தில் இருக்கின்றன. அதற்கு எண்ணே போடாமல் இருக்கலாம்.

கேள்வி: இணையத்தில் தகவலைக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற விதிமுறை, தொலைந்த பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, திரும்ப அனுப்பி, வரிசையும் மாறாமல் கொடுத்துவிடுகிறதே. அப்புறம் ப்ரோக்ராம் எழுதுபவர் ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வந்ததுதான் டிசிபி. அதற்குக் கீழே இருந்து பாக்கெட்டுகளை முகவரி பார்த்து நகர்த்தும் ஐபி என்ற விதிமுறை எந்த உத்தரவாதமும் தராது, அதை வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். டிசிபி கொடுக்கும் ‘கிடைத்தது’ என்ற ஒப்புதல் எதிர்ப்பக்க ஆபரேட்டிங் சிஸ்டம் அனுப்புவது. உங்கள் ப்ரோக்ராம் அதைப் படித்ததா, படித்து டிஸ்க்கில் எழுதியதா, எழுதும் முன் விழுந்துவிட்டதா என்பதெல்லாம் டிசிபிக்குத் தெரியாது. இணைப்பே அறுந்துவிட்டால் முதல் கேள்விக்கே திரும்பி வந்துவிடுகிறோம்.

சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற கம்ப்யூட்டர் ஆய்வாளர்கள் மூவரும் எழுதி 1984-இல் அச்சான ஒரு கட்டுரையில் எனக்குப் பிடித்த சம்பவம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பல நெட்வொர்க்குகளை இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் செக்சம் சரிபார்ப்பு (தகவலிலிருந்து கணக்கிட்ட ஒரு எண்ணை வைத்துப் பிழை கண்டுபிடிப்பது) இருந்ததால் எல்லாம் பத்திரம் என்று நினைத்தார்கள். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை மாற்றிவிடும் ஒரு கேட்வே கம்ப்யூட்டர், தன் நினைவகத்துக்குள் தகவலை நகல் எடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை பக்கத்துப் பக்கத்து பைட்டுகளை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. கம்பியில் போகும்போது தகவல் சரியாகவே போனதால் எந்தச் சரிபார்ப்பிலும் அது மாட்டவில்லை. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூலக் கோப்புகள் அந்த வழியாகப் பலமுறை போய்வந்து சில கெட்டுப்போக, கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளோடு ஒப்பிட்டுக் கையால் திருத்தினார்கள். வழியில் எத்தனை காவல் வைத்தாலும், இரண்டு முனைகளும் தாமே சரிபார்த்தால்தான் உண்டு என்பது அவர்கள் வாதம்.

கேள்வி: பதில் வரும்வரை விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பினால் போதுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. பூஜ்யங்களை நான் விட்டுவிடவில்லை, வெறும் நாற்பது. இரண்டும் கூப்பிடு தூரம். நெரிசலில் பாக்கெட் தொலைய, எல்லாரும் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் கூட, பெரும்பகுதி பழைய பாக்கெட்டின் நகல்களாகவே ஓடிக்கொண்டிருந்தன. அதே ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட டிசிபி திருத்தங்கள் வந்த பிறகுதான் நிலைமை சீரானது. உங்கள் ப்ரோக்ராமிலும் அதே கதைதான். ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், அதில் கொஞ்சம் தற்செயலையும் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றாகத் தோற்ற ஆயிரம் போன்களும் ஒன்றாகவே திரும்பி வந்து, அப்போதுதான் எழுந்து நிற்கும் சர்வரை மறுபடி சாய்த்துவிடும்.

கேள்வி: ஃபைபர் வந்த பிறகும் இந்தப் பிரச்சினை இருக்குமா?

பதில்: இருக்கும். ஃபைபரும் அறுபடும், ரௌட்டரில் தப்பான அமைப்பை யாராவது ஏற்றுவார்கள். தாமதமும் முழுசாகப் போகாது, கண்ணாடியில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும்.

கேள்வி: இரண்டு சர்வர் வைத்து, ஒன்று செத்தால் மற்றது பொறுப்பேற்றுக்கொண்டால் போதாதா?

பதில்: செத்ததா, நடுவில் கம்பி அறுந்ததா என்று மற்றதற்கு எப்படித் தெரியும்? இரண்டும் உயிரோடு இருந்துகொண்டு, இரண்டும் ‘இனி நான்தான் தலைவன்’ என்று எழுத ஆரம்பித்தால் கணக்கு இரண்டாகப் பிளந்துவிடும். அதனால்தான் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் வைத்துப் பெரும்பான்மை கேட்கிறார்கள். ஐந்தில் மூன்று சம்மதித்தால்தான் தலைவர், இரண்டு வெவ்வேறு பெரும்பான்மை ஒரே நேரத்தில் இருக்க முடியாது.

அதுவும் முழு மருந்து இல்லை. 2018 அக்டோபர் 21 அன்று, ப்ரோக்ராம் எழுதுபவர்கள் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை டேட்டா சென்டருக்கு 43 வினாடிகள் இணைப்பு அறுந்தது. பெரும்பான்மை ஓட்டு ஒழுங்காகவே நடந்து, மேற்குக் கரையில் புதிய தலைவர் வந்தார். ஆனால் கிழக்கில் கடைசிச் சில வினாடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட, சேவை முழுசாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. தலைவரைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை, அவர் கையில் எல்லாப் பதிவும் இருப்பதை உறுதி செய்வது வேறொரு வேலை.

கேள்வி: என் ப்ரோக்ராம் இதையெல்லாம் தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: லினக்ஸில் நெட்எம் என்ற வசதி இருக்கிறது. பாக்கெட்டில் இத்தனை சதவீதம் தொலை, இத்தனை மில்லிசெகண்ட் தாமதி என்று சொன்னால் செய்யும். வழக்கமாக அது வெளியே போகும் பாக்கெட்டைத்தான் தொடும் என்பதால், சர்வர் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கோரிக்கை போய்ச் சேரும், பதில் மட்டும் தொலையும். பெரும்பாலானவர்கள் நெட்வொர்க்கை மொத்தமாகப் பிடுங்கித்தான் சோதிக்கிறார்கள், பணத்தை இரண்டு முறை எடுக்கும் பிழை அதில் மாட்டாது.