முகம் சாம்பல் பூக்காமல் மேக்கப்: அலுவலகத்துக்கும் அக்கா கல்யாணத்துக்கும்

கேள்வி: எனக்கு 27 வயது. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை. மாநிறம், எண்ணெய் வடியும் சருமம். ஃபவுண்டேஷன் போட்டுக்கொண்டு கிளம்பினால் காலை 11 மணிக்குள் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலையில் முகூர்த்தம். பியூட்டிஷியன் அக்காவுக்கு மட்டும்தான், எனக்கு நானே போட்டுக்கொள்ள வேண்டும். தினசரிக்கு ஒரு செட், விசேஷத்துக்கு ஒரு செட் என்று தனித்தனியாக வாங்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் தோற்றத்தை எப்படி மாற்றிக் காட்டுவது?

பதில்: தனித்தனி செட் வேண்டாம். சரியான ஷேடில் ஒரு ஃபவுண்டேஷன், கருமையை மறைக்க ஒரு கன்சீலர், கசியாத கண்மை, இரண்டு லிப்ஸ்டிக், ஒரு பவுடர், பழுப்பும் செம்பு நிறமும் உள்ள சின்ன ஐ ஷேடோ பெட்டி. அடிப்படை இவ்வளவுதான். இதோடு சன்ஸ்கிரீன், பிளஷ், மஸ்காரா மாதிரி சில சில்லறைச் சாமான்களைச் சேர்த்தால் நீங்கள் கேட்ட மூன்று தோற்றங்களும் வந்துவிடும். மேக்கப் எவ்வளவு என்பதை விசேஷத்தின் பெருமையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த வெளிச்சத்தில் நிற்கப் போகிறோம், எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். ‘கல்யாணமாச்சே’ என்று முகூர்த்தத்துக்குக் கனமாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் ஓமப் புகையில் எல்லாம் வழிந்துவிடுகிறது.

முதலில் அந்தச் சாம்பல் பிரச்சினையைத் தீர்ப்போம். அது தீராமல் வேறு எது செய்தாலும் வீண்.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஃபவுண்டேஷன் சாம்பலாகத் தெரிய முதல் காரணம், ஷேடு வெளுப்பாக இருப்பது. ஃபவுண்டேஷனை வெளுப்பாக்குவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. பழுப்புத் தோலின் மேல் அந்த வெள்ளை அதிகமானால் முகம் சிவப்பாகாது, சாம்பலாகத்தான் ஆகும். கடையில் ஒரு படி வெளுத்த ஷேடை எடுத்துக் கொடுப்பது சகஜம், நாமும் ஆசையாக வாங்கிக்கொள்கிறோம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். உங்கள் நிறத்தோடு அப்படியே கரைந்துபோகும் ஷேடுதான் முகத்துக்குப் பொலிவு தரும். மாநிறத்தின் அழகே அதன் அடியில் இருக்கும் பொன் சாயல்தான். அதை மூடிவிட்டு அதன் மேல் மினுமினுப்புக்கு ஹைலைட்டர் தடவுவதில் அர்த்தமே இல்லை.

ஷேடைக் கையிலோ மணிக்கட்டிலோ தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில், முகமும் கழுத்தும் சேரும் இடத்தில், பக்கத்துப் பக்கத்து ஷேடுகள் மூன்றைக் கோடாக இழுத்துவிட்டுக் கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்துக்கு வாருங்கள். அழகு சாதனக் கடைகளின் விளக்குகள் எதையும் நன்றாகத்தான் காட்டும். உடனே முடிவு செய்யவும் வேண்டாம். எண்ணெய்ச் சருமத்தில் ஃபவுண்டேஷன் கொஞ்ச நேரத்தில் ஒரு சாயல் கறுக்கும். ஒரு காபி குடித்துவிட்டு வந்து பார்த்து, அப்போது எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லையோ அதை வாங்குங்கள். நம் ஊர் மாநிறத்தில் பெரும்பாலும் மஞ்சள் அல்லது பொன் சாயல் இருக்கும், சிலருக்கு லேசான பச்சைச் சாயலும் உண்டு. ரோஸ் சாயல் உள்ள ஃபவுண்டேஷன் இந்தத் தோலில் ஒட்டாமல் தனியாக மிதக்கும்.

இரண்டாவது காரணம் சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டும் சூரிய ஒளியைத் தடுப்பதில் நல்லவைதான். ஆனால் கனமாகத் தடவினால் வெள்ளை அடித்த சுவர் போல நிற்கும். அதற்காகச் சன்ஸ்கிரீனை நிறுத்திவிடாதீர்கள். டின்டட் சன்ஸ்கிரீன் என்று நிறம் சேர்த்தது கிடைக்கிறது. அதிலுள்ள அயர்ன் ஆக்சைடுதான் அந்தப் பழுப்பைத் தருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்தும் அது தோலைக் காக்கும் என்பதால் மங்கு உள்ளவர்களுக்கு ரொம்பவே நல்லது. ஷேடு உங்களுக்கு ஒத்துப்போனால், அலுவலக நாட்களில் இதையே ஃபவுண்டேஷனாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நீங்கள் சொல்லும் அந்த 11 மணி. அந்த நேரத்தில் மூக்கும் நெற்றியும் மின்னுகிறது என்று காம்பாக்ட்டை எடுத்து அப்படியே ஒற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணெயின் மேல் பவுடர் விழுந்தால் குழைந்து திட்டுத் திட்டாகத்தான் ஆகும். முதலில் டிஷ்யூவால் ஒற்றி எண்ணெயை எடுங்கள், தேய்க்க வேண்டாம். அதற்குப் பிறகும் தேவை என்று தோன்றினால் மட்டும் பவுடர். பாதி நாள் தேவைப்படாது.

கண்ணுக்குக் கீழும் வாயைச் சுற்றியும் கருமை இருந்தால், வெளுத்த கன்சீலரை நேராக அதன் மேல் வைப்பதும் சாம்பலைத்தான் கொண்டுவரும். முதலில் ஆரஞ்சு அல்லது பீச் நிறக் கரெக்டரைக் கருமை உள்ள இடத்தில் மட்டும் மிக மெலிதாக ஒற்றுங்கள். கருவளையத்தில் இருக்கும் நீலச் சாயலை ஆரஞ்சு அடக்கிவிடும். அப்புறம் கன்சீலர் கொஞ்சமே போதும்.

சரி, தினசரி முகம். வங்கியில் தலைக்கு மேல் டியூப் லைட், எதிரே மூன்றடி தூரத்தில் வாடிக்கையாளர். அந்த நெருக்கத்தில் ஃபவுண்டேஷன் கனமாக இருந்தால் முதலில் தெரிவது ஃபவுண்டேஷன்தான். அதனால் முகம் முழுக்கப் பூசாதீர்கள். சன்ஸ்கிரீன் தடவிப் பத்து நிமிடம் விட்டு, மூக்கின் இரு பக்கம், வாய் ஓரம், தாடை என்று நிறம் சீராக இல்லாத இடங்களில் மட்டும் ஃபவுண்டேஷனை வைத்து ஈர ஸ்பாஞ்சால் தட்டி விடுங்கள். கன்னமும் நெற்றி ஓரமும் வெறும் தோலாகவே இருக்கட்டும். பவுடர் மூக்குக்கும் நடு நெற்றிக்கும் மட்டும்.

எண்ணெய்ச் சருமத்தில் கீழ் இமையின் உள்ளே மை இட்டால் மதியத்துக்குள் கண்ணுக்கடியில் இறங்கிவிடும். அலுவலகத்துக்கு மேல் இமை முடியின் வேரோடு ஒட்டி ஒரு கோடு இழுங்கள், கண் தானாகவே பெரிதாகத் தெரியும். கீழேயும் வேண்டும் என்றால், இமைக்குக் கீழே கொஞ்சம் பவுடரை ஒற்றிவிட்டு அப்புறம் மை.

லிப்ஸ்டிக்கில் ‘நியூட்’ என்று விற்கும் பல ஷேடுகள் வெளுத்த தோலுக்காகச் செய்தவை. நமக்குப் போட்டால் காய்ச்சலில் எழுந்து வந்த மாதிரி இருக்கும். உங்கள் உதட்டின் நிறத்தைவிட ஒரு படி அழுத்தமாக, பழுப்பு கலந்த ரோஸோ செங்கல் நிறமோ எடுங்கள். அதிலேயே ஒரு துளியை விரலால் கன்னத்தில் தட்டினால் தனியாக பிளஷ் வேண்டாம். சன்ஸ்கிரீன் காயும் நேரம் போக, மொத்தமும் பத்து நிமிட வேலை. ஒரே முகம் அலுத்துப்போனால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒரு நாள் கறுப்பு மைக்குப் பதில் கரும்பச்சை அல்லது பழுப்பு, இன்னொரு நாள் கண்ணை வெறுமையாக விட்டு மெரூன் உதடு.

ரிசப்ஷனுக்கு வருவோம். வீடியோக்காரர் வைக்கும் வெள்ளை ஃபோகஸ் விளக்கு முகத்தின் மேடு பள்ளத்தையெல்லாம் தட்டையாக்கிவிடும். அதனால்தான் வீட்டுக் கண்ணாடியில் சரியாக இருந்த மேக்கப் ஆல்பத்தில் வெறும் முகமாகத் தெரிகிறது. இங்கே கொஞ்சம் தாராளமாகப் போடலாம். புருவத்தை நிரப்புங்கள். கன்னத்தில் செங்கல் அல்லது பிளம் நிற பிளஷ்ஷை, ‘கொஞ்சம் அதிகமோ’ என்று தோன்றும் அளவுக்கு வையுங்கள். இமையில் பழுப்பை மடிப்பிலும் செம்பு நிறத்தை நடுவிலும் வைத்து, ஐலைனரை ஒரு சுற்று தடிமனாக்குங்கள். ஹைலைட்டர் வேண்டுமென்றால் பொன் நிறம், வெள்ளி நிறம் வேண்டாம். புடவை நிறத்துக்கு ஐ ஷேடோ பொருந்த வேண்டும் என்று தேடி அலையாதீர்கள். சரிகையின் நிறம் எந்தப் பட்டோடும் போகும்.

கண், உதடு இரண்டில் ஒன்றுதான் தூக்கலாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். அலுவலகத்துக்கு அது சரி. பட்டுப் புடவை, ஜிமிக்கி, தலை நிறையப் பூ என்று வந்த பிறகு உதட்டை வெளிறவிட்டால் முகம் நகைக்குள் காணாமல் போய்விடும். கண்ணும் இருக்கட்டும், உதட்டில் மெரூனோ ஒயின் நிறமோ இருக்கட்டும். லிப் லைனரால் உதடு முழுக்க நிரப்பி, ஒரு கோட் லிப்ஸ்டிக், டிஷ்யூவில் ஒற்றி, மறுபடி ஒரு கோட். சாப்பிட்ட பிறகும் நிற்கும்.

போட்டோவில் முகம் மட்டும் வெள்ளையாக அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலிக்கா நிறைந்த வெள்ளை நிற ‘எச்டி’ பவுடரும், சன்ஸ்கிரீன் கலந்த ஃபவுண்டேஷனும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வருவது அது. இருட்டிய பிறகு சன்ஸ்கிரீனுக்கு வேலை இல்லை, அன்று மாலை அதை விட்டுவிடலாம். எதற்கும் முன்கூட்டியே போட்டுப் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டு ஃபோனில் ஃபிளாஷோடு ஒரு படம் எடுங்கள். பிரச்சினை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

முகூர்த்தம்தான் உண்மையில் கஷ்டமானது. அதிகாலை 4 மணிக்கு டியூப் லைட்டில் போட்டுக்கொள்வீர்கள். தாலி கட்டி முடிந்து வெளியே வரும்போது பளீரென்று வெயில் இருக்கும். டியூப் லைட் மறைத்த அத்தனை கனமும் பகல் வெளிச்சத்தில் தெரியும். நடுவில் ஓமப் புகை, தட்டு எடுக்க ஓட்டம், மாலை எடுத்துக் கொடுப்பது, அக்காவைக் கட்டிப்பிடித்து அழுவது எல்லாம் உண்டு. முதல் நாள் போட்டதில் பாதி ஃபவுண்டேஷன் போதும். ஜெல் மாதிரி லேசான மாய்ஸ்சரைசர், காலையில் வெயில் உண்டு என்பதால் டின்டட் சன்ஸ்கிரீன், மூக்கிலும் கன்னத்திலும் மட்டும், ஃபவுண்டேஷனுக்கு முன் அடித்தளமாகத் தடவும் பிரைமர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நிமிடங்கள் விடுங்கள். அவசரமாக ஒன்றன் மேல் ஒன்று போட்டால், அதுவும் தண்ணீர்ப் பதத்தில் ஒன்றும் சிலிகான் பதத்தில் ஒன்றுமாக இருந்தால், அழுக்கு போலத் திரண்டு உதிரும். மெலிதாக ஃபவுண்டேஷன் தட்டி, பஃப்பால் பவுடரை அழுத்தி, மேக்கப்பைப் பிடித்து வைக்கும் செட்டிங் ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும் இன்னொரு முறை லேசாக அழுத்துங்கள். வியர்வையைத் தாங்குவது இந்த அழுத்தல்தான்.

அன்று கீழ் இமைக்குள் மை வேண்டாம், புகையிலும் கண்ணீரிலும் நிற்காது. வாட்டர்புரூஃப் லைனர், வாட்டர்புரூஃப் மஸ்காரா, ஜிகினா எதுவும் இல்லாத பழுப்பு இமை. மெரூனுக்குப் பதில் உங்கள் அலுவலக லிப்ஸ்டிக்கையே இரண்டு கோட் போடுங்கள், மல்லிகைக்கும் மஞ்சள் வெயிலுக்கும் அது அழகாக இருக்கும். வியர்த்தால் கைக்குட்டையால் ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது.

நலங்கில் உங்களுக்கும் மஞ்சள் பூசிவிடுவார்கள். மஞ்சளில் உள்ள நிறமி தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல், முகத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி மசாஜ் செய்து எடுத்துவிட்டு, அப்புறம் ஃபேஸ் வாஷ் போடுங்கள். ரிசப்ஷன் மேக்கப்பை இரவில் கலைப்பதற்கும் இதே முறைதான். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கலைக்காமல் படுக்காதீர்கள், மறுநாள் அதிகாலை அதே தோலில்தான் மறுபடி வேலை. பரு வரும் முகமாக இருந்தால் தேங்காய் எண்ணெய் துவாரத்தை அடைக்கும், மேக்கப்பைக் கரைத்து, கழுவினால் போகிற கிளென்சிங் பாம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபேஷியல் செய்வதானால் ஒரு வாரம் முன்பே, த்ரெடிங் இரண்டு மூன்று நாள் முன்பு. பிளீச் வேண்டவே வேண்டாம் என்பேன், எரிச்சல் வந்தால் அதை மறைக்க எந்த மேக்கப்பும் உதவாது. புதிதாக வாங்கும் எதையும் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குக் கொண்டுபோங்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த மேக்கப்பை முழுதாகப் போட்டுக்கொண்டு, ஃபேன் இல்லாமல் சமையலறையில் வேலை பாருங்கள். எது வழிகிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

பொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபவுண்டேஷன் மேல் ஸ்டிக்கர் பொட்டு நிற்காது. பொட்டு வைக்கும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் சிலருக்கு அரிப்பைத் தந்து, நாளடைவில் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டையே உண்டாக்கும். நெற்றி அரிக்கிறது என்றால் அந்தப் பொட்டை அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கல்யாண வீட்டு மேக்கப் அறையில் உங்கள் பெட்டியை ஆளுக்கு ஆள் கேட்பார்கள். பவுடரைத் தனிப் பஞ்சிலும் லிப்ஸ்டிக்கைப் பிரஷ்ஷிலும் எடுத்துக் கொடுங்கள். கண்மையையும் மஸ்காராவையும் மட்டும் சொந்தத் தங்கைக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். ஒருவருக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் மண்டபம் முழுக்கப் பரவ அந்த ஒரு குச்சி போதும். மஸ்காரா திறந்து மூன்று நான்கு மாதம் ஆகிவிட்டதென்றால் கல்யாணத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.