புராஸ்டேட் பயாப்ஸிக்கு முன் ஒரு ஸ்வாப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வயது 64. சர்க்கரை உண்டு. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) 9.2 வந்ததால் ஆசனவாய் வழியாகப் புராஸ்டேட் பயாப்ஸி (ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்னதாகச் சாப்பிட சிப்ரோஃப்ளாக்சாசின் (சிப்ரோ) என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர் இதே பரிசோதனைக்குப் பிறகு குளிர்க்காய்ச்சல் கண்டு ஐ.சி.யூ. வரை போனார். மாத்திரையைக் கூடுதலாக ஐந்து நாள் சாப்பிட்டால் தப்பிக்கலாமா? இரண்டு மாதத்துக்கு முன்பு சிறுநீர் எரிச்சலுக்கு இதே மாத்திரையைத்தான் கடையில் வாங்கிச் சாப்பிட்டேன்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த முறையில் ஊசி மலக்குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு புராஸ்டேட்டுக்குள் போகிறது. வழக்கமாக 10 முதல் 12 துண்டுகள் எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மலக்கிருமி ஊசியோடு உள்ளே போக வழி இருக்கிறது. ஈ.கோலை என்ற கிருமி எல்லோர் குடலிலும் இருப்பதுதான், அங்கே இருக்கும்வரை தொந்தரவில்லை. ரத்தத்தில் கலந்தால்தான் வினை. சிப்ரோ அதைக் கொன்றுவிடும் என்ற கணக்கில்தான் அந்த மாத்திரையைத் தருகிறார்கள். ஆனால் ஒரே களைக்கொல்லியை அடித்த வயலில் அதற்குச் சாகாத களை மட்டும் மிஞ்சுகிற மாதிரி, சிப்ரோ பழகிய குடலில் சிப்ரோவுக்குச் சாகாத ஈ.கோலை பெருகி, மாதக்கணக்கில் தங்கிவிடும். அப்படிப்பட்ட கிருமிக்கு ஒரு நாள் கொடுத்தாலும் ஐந்து நாள் கொடுத்தாலும் அந்த மாத்திரை பயன்படாது. கடந்த ஆறு மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வர வேண்டும். சர்க்கரை இருந்தால் தொற்று வேகமாக முற்றும்.

உங்களைப் போன்றவர்களுக்கு மலக்குடல் ஸ்வாப் எடுப்பது நல்லது. பஞ்சுக்குச்சியை ஆசனவாய்க்குள் சற்றே நுழைத்து, சுற்றித் திருப்பி எடுப்பார்கள். பஞ்சில் மலக்கறை தெரிய வேண்டும். வெள்ளையாக வந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். லேபில் தட்டில் வளர்த்து, சிப்ரோ வில்லை வைத்துப் பார்ப்பார்கள். வில்லையைச் சுற்றி கிருமி வளராத வெற்று வளையம் போதிய அகலத்துக்கு விழுந்தால் மருந்து கேட்கும். கிருமி வில்லையை ஒட்டியே வளர்ந்திருந்தால் கேட்காது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், பயாப்ஸிக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். நடுவில் வேறு ஆன்டிபயாடிக் எதையும் சாப்பிட்டால் அந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது.

சிப்ரோ கேட்காது என்று வந்தால், ரிப்போர்ட்டைப் பார்த்து ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் தூளோ, அமிகாசின் ஊசியோ டாக்டர் தேர்வு செய்வார். அமிகாசின் என்றால் முன்னதாகக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தாக வேண்டும். எந்த மருந்தானாலும், ஊசி போகும் முன் மலக்குடலைப் போவிடோன் அயோடினால் கழுவுவது தொற்றைக் குறைக்கிறது. அயோடின் ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். வெறும் எனிமா மட்டும் கொடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது.

இதைவிட நல்ல வழி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக எடுக்கும் பயாப்ஸி. ஊசி குடலைத் தொடுவதே இல்லை. ரத்தத்தில் விஷம் ஏறும் வாய்ப்பு மிகவும் குறைவு. உங்கள் ஊரில் இல்லையென்றால் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ செய்கிறார்களா என்று விசாரியுங்கள். எங்கள் அபிப்பிராயத்தில் அந்த அலைச்சல் வீண் இல்லை.

ஒரு சந்தேகம். அந்த 9.2 எரிச்சல் இருந்த சமயத்தில் எடுத்ததா? சிறுநீர்த் தொற்றே பி.எஸ்.ஏ.யை ஏற்றிவிடும். அப்படியானால் தொற்று தீர்ந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்றும் கேளுங்கள். பயாப்ஸியே தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டால், சிறுநீர் கல்ச்சரில் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில்) கிருமி இல்லை என்று உறுதியான பிறகுதான் ஊசி.

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த வாரம் பயாப்ஸி. வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, திருவாரூர்

பதில்: சிறுநீரில் சில நாள் ரத்தம், விந்தில் சில வாரம் பழுப்புக் கறை, மலத்தில் ஓரிரு நாள் ரத்தம், இதெல்லாம் சகஜம். கட்டி கட்டியாக ரத்தம் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ உடனே கிளம்புங்கள்.

காய்ச்சல்தான் பெரிய விஷயம். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் வரும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினாலோ, உடம்பு உதறி நடுங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சிப்ரோவைக் கொடுக்காதீர்கள். அந்த மருந்தைத் தாண்டித்தான் இந்தக் காய்ச்சலே வந்திருக்கும். மழைக்காலமானால் நம் பக்கத்தில் எந்தக் காய்ச்சலையும் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றே முதலில் பார்ப்பார்கள். அதனால் கேஷுவால்டிக்குள் போனதும் முதல் வார்த்தையாக “புராஸ்டேட் பயாப்ஸி எடுத்து இத்தனை நாள் ஆச்சு” என்று சொல்லுங்கள். ஸ்வாப் ரிப்போர்ட்டும் சாப்பிட்ட மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். ரத்த, சிறுநீர் கல்ச்சர் எடுத்த கையோடு நரம்பு ஊசி ஆரம்பிப்பார்கள், பல ஆன்டிபயாடிக்குகளுக்குச் சாகாத ஈ.எஸ்.பி.எல். வகைக் கிருமி என்றால் மெரோபெனம் போன்ற மருந்து தேவைப்படும்.

கேள்வி: பயாப்ஸிக்கு முன் ஒரு வாரம் கோழிக்கறியை நிறுத்தினால் குடல் சுத்தமாகுமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஆகாது. குடலில் குடியேறிய கிருமி ஒரு வாரப் பத்தியத்துக்கெல்லாம் இடம் காலி செய்யாது. தயிரும் விரட்டாது. பண்ணைகளில் ஆன்டிபயாடிக் பயன்படுத்துவதும், அதனால் மருந்துக்குச் சாகாத கிருமி கறியில் இருக்கலாம் என்பதும் உண்மைதான். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2019-ல் மத்திய அரசு தடை செய்தது. நன்றாக வெந்த கறியில் கிருமி பிழைக்காது. பச்சைக் கறி நறுக்கிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்குவதுதான் ஆபத்து. கத்தி, பலகை, கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.