‘உறவுமுறை’ கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: எனக்கு 68 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். 71 வயதான ஒருவரோடு 29 வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். ஊருக்கு நாங்கள் நண்பர்கள், உண்மையில் இணையர். அவருக்கு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘நண்பர்’ என்று எழுதினால், ‘சொந்தக்காரங்க யாராவது வரட்டும்’ என்கிறார்கள். வீடு அவர் பெயரில். போன வாரம் அவருடைய அண்ணன் மகன் முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். பதறிப்போய் உருவிக்கொண்டேன். நான் என்ன செய்ய?
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ஐயா, முதலில் காகித வேலை. இப்போது அவரால் யோசித்துக் கையெழுத்துப் போட முடியும். இந்த மாதமே முடியுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 14ஆம் பிரிவின்படி அவர் உங்களைத் தன் பிரதிநிதியாக நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. மனநல சிகிச்சைக்கு மட்டும்தான் இது. வீட்டுக்கு உயில் அவசியம். தன்பாலினத் திருமணத்தை 2023இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரிக்கவில்லை. உயில் இல்லாவிட்டால் வீடு சொந்தக்காரர்களுக்குத்தான். இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் தெளிவாக இருக்கிறார் என்று டாக்டர் சான்றும் வாங்கி, பதிவும் செய்துவிடுங்கள். கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினிக்கும் தடையில்லை என்று மத்திய நிதியமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது.

அப்புறம், டாக்டரிடமோ அங்குள்ள சமூகப் பணியாளரிடமோ தனியாக உண்மையைச் சொல்லுங்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், ஃப்ளாஸ்கில் கஞ்சியோடு ஓர் அம்மா வார்டுக்கு வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே படுத்திருந்தவர் அவருடைய 40 வருடத் துணை. உள்ளே போவதற்கான பாஸ் நோயாளியின் தங்கை மகளிடம் இருந்தது. ஏழாம் நாள்தான் என்னிடம் வாய் திறந்தார். உடனே டாக்டரிடம் பேசினேன். அன்று மாலை கஞ்சியை அவரே ஊட்டினார். அந்த ஆறு நாட்களை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

கை விஷயத்துக்கு வருகிறேன். 2018 செப்டம்பர் 6 வரை, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவு உங்கள் தலைமேல் தொங்கியது. கையை உருவுவது பழகிப்போயிருக்கும். மறதி வரும்போது மறைக்கும் பழக்கமும் நழுவும். யார் எதிரே இருக்கிறார் என்பது அவருக்கு மறக்கலாம், உங்கள் கை தெரிகிறது. உருவினால் காரணம் புரியாமல் மிரண்டுபோவார். அடுத்த முறை பிடித்தால் இருக்கட்டும், விட்டுவிடுங்கள். அண்ணன் மகனிடம் சொல்வதா என்று, அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து இருவரும் பேசுங்கள். அது அவருடைய ரகசியமும்தான்.

சரி, இத்தனை எழுதியவர் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. இரவில் தூங்குகிறீர்களா? எனக்கு எழுதுங்கள்.