மூன்று ஃபேஸ் இருக்க இரண்டு எதற்கு?

அன்புள்ள ஐயா,

இன்டக்‌ஷன் மோட்டார் டிரைவுக்கு ஓவர்கரன்ட் டிரிப் (கரன்ட் எல்லை மீறினால் நிறுத்தும் சர்க்யூட்) செய்தேன். மூன்று ஃபேஸ் கரன்ட்டை ஆல்ஃபா, பீட்டா என்ற இரு செங்குத்து அச்சுகளில் இரண்டாக்கி, 'பெரியது + சிறியதில் பாதி' என்று திசையனின் அளவை எடுக்கிறேன். உச்சம் 10 ஆம்பியரில் விழ வேண்டிய டிரிப் 9ஐத் தொடும் முன்பே விழுகிறது. ஏடி633 என்ற அனலாக் பெருக்கி ஐசி போட்டு வர்க்கமூலமே எடுத்துவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

சர்க்யூட்டில் பிழை இல்லை, சூத்திரம்தான் கூட்டிச் சொல்கிறது. திசையன் அச்சிலிருந்து 26.6 டிகிரி விலகும்போது அது 11.8% அதிகம் காட்டும். 10ஐ 1.118ஆல் வகுத்துப் பாருங்கள்: 8.94. ஒரு சுற்றில் எட்டு முறை இந்த உச்சம் வரும்.

ஏடி633 பெருக்குத்தொகையை 10ஆல் வகுத்துத் தரும். 1 வோல்ட்டின் வர்க்கம் 0.1 வோல்ட்தான், அதில் 50 மில்லிவோல்ட் ஆஃப்செட் (ஐசியே சேர்க்கும் பிழை வோல்ட்டேஜ்) ஏறினால் விடை 22% பிசகும். டிரிப்புக்கு இது வீண் செலவு.

இரண்டாக்குவதையே விட்டுவிடுங்கள். மூன்று கரன்ட்டில் மிகப் பெரியது 'மேல்'. மிகச் சிறியதைக் குறி மாற்றினால் 'கீழ்'. மேல், கீழ், இரண்டின் கூட்டுத்தொகையை √3ஆல் வகுத்தது, இம்மூன்றில் பெரியதே விடை. அதிகபட்சம் 3.4% குறைவாகக் காட்டும், கூட்டிக் காட்டாது. சுழலும் கரன்ட்டில் உச்சம் சரியாக 10தான். மோட்டார் நின்றபடி திசையன் மோசமான கோணத்தில் உறைந்தால் மட்டும் டிரிப் 10.35க்குத் தள்ளிப்போகும்.

நான்கு ஆப்-ஆம்ப் கொண்ட டிஎல்074 ஐசி மூன்று போதும். தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு ஆப்-ஆம்ப் வெளியீட்டிலும் ஒரு 1என்4148 டையோடு. டையோடுகள் சேரும் புள்ளியிலிருந்து ஃபீட்பேக். அப்போதுதான் 0.6 வோல்ட் இழப்பு மறையும். 'மேல்' புள்ளியை 10 கிலோ ஓம் வழியாக −15 வோல்ட்டுக்கு இழுங்கள். மிகச் சிறியதை எடுக்கும் புள்ளியில் டையோடுகளைத் திருப்பி, +15க்கு. கூட்டுவதற்கு இரண்டு 10 கிலோ ஓம் சராசரி தரும், ஃபீட்பேக்கில் 1.54 கிலோ ஓம், தரைக்கு 10 கிலோ ஓம் வைத்தால் பெருக்கம் 1.154. எல்லாம் 1% ரெசிஸ்டர்.

மெதுவான எல்எம்324 ஆப்-ஆம்ப் ஐசி மிச்சம் இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். 'மேல்' புள்ளியில் முறை வராத (தன் ஃபேஸ் பெரியதாக இல்லாத) ஆப்-ஆம்ப் −15 வோல்ட்டுக்கு அருகே கிடக்கும். முறை வரும்போது 0.5 வோல்ட்/மைக்ரோசெகண்ட் வேகத்தில் ஏறிவர 40 மைக்ரோசெகண்ட் பிடிக்கும். அதற்குள் வெளியீட்டில் பள்ளம் விழும்.

பிடபிள்யூஎம் (டிரைவின் வேகமான ஸ்விட்சிங்) இரைச்சலுக்கான ஃபில்டர் டையோடுகளுக்கு முன்னால்தான், எல்லா ஃபேஸிலும் ஒரே மதிப்பில்: 10 கிலோ ஓம், 1 நானோஃபாரட். பெரியதைத் தேர்ந்தெடுக்கும் சர்க்யூட் இரைச்சலின் முனைகளையும் பொறுக்கியெடுத்துவிடும். பின்னால் எவ்வளவு வடிகட்டினாலும் அந்த மிகை போகாது.