எட்டு மாதமாக ஜண்டை வரிசையிலேயே நிற்கிறேன், குரல் எப்போது வரும்?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வயது 36. ஆன்லைனில் கர்நாடக சங்கீதம் கற்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது, இன்னமும் ஜண்டை வரிசைதான், ஸ ஸ ரி ரி என்று ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் ஆரம்பப் பயிற்சி. வேலை நாட்களில் நேரமில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் விடாமல் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்கிறார். டீச்சரின் சுருதி, அதாவது ஸாவை வைத்துக்கொள்ளும் உயரம், ஆறு கட்டை, இவரும் அதிலேயே பாடுகிறார், மேல் ஸாவில் தொண்டை இறுகுகிறது. சினிமாப் பாட்டு சுமாராக வரும், ஆனால் வரிசையைப் பதிவு செய்து கேட்டால் சகிக்கவில்லை, முதல் மாதத்தில்கூட இவ்வளவு மோசமில்லை, விட்டுவிடலாமா என்கிறார்.

விடாதீர்கள். சகிக்கவில்லை என்கிறீர்களே, எனக்கு நம்பிக்கை தந்ததே அதுதான். பாட்டில் முதலில் தேறுவது காது, தொண்டை பல மாதம் கழித்துத்தான் அதை எட்டிப் பிடிக்கும். முதல் மாதத்தில் பாடிய ரிஷபமும் (ரி) தப்பாகத்தான் இருந்திருக்கும், அன்றைக்கு அது உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பெரிய வயதில் கற்க வருகிறவர்களில் நிறைய பேர் சரியாக இந்தக் கட்டத்தில்தான் நின்றுவிடுகிறார்கள், தனக்கு ஞானம் கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டு. (குழந்தைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அபசுரமாகப் பாடிவிட்டுச் சந்தோஷமாக விளையாடப் போய்விடும்.)

சரி, முதல் வேலை சுருதியை இறக்குவது. ஆறு கட்டை என்றால் ஸாவே நொடிக்கு 220 அதிர்வு, மேல் ஸா அதில் இரண்டு மடங்கு, 440. நாலரைக் கட்டைக்கு வந்தால் அதே மேல் ஸா சுமார் 370-தான். பெண்கள் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஆறு கட்டைக்குள் பாடுவது வழக்கம் என்றாலும் அது சட்டம் ஒன்றுமில்லை, நாலரையில் பாடினால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். தம்புரா ஆப்பில் அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்கிப் பாருங்கள். கீழே மந்திர தைவதம் (ஸாவுக்குக் கீழே உள்ள த) வெறும் காற்றாகப் போகக்கூடாது, மேலே தார ரிஷபத்தை (மேல் ஸாவுக்கு அடுத்த ரி) கத்தாமல் தொட வேண்டும், இப்போதைக்கு இவ்வளவு போதும். டீச்சரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள். அடுத்தவர் சுருதியில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காகத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

அடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், அதை நிறுத்துங்கள். பழகாத தொண்டை அரை மணி நேரத்துக்கு மேல் களைத்துப்போகும், அதன் பிறகு நீங்கள் பாடுவதெல்லாம் இறுக்கிப் பாடும் சாதகம், உடம்பு அதையும் சிரத்தையாகக் கற்றுக்கொள்கிறது. தினமும் இருபது நிமிஷம் போதும், நேரமே இல்லாத நாளில் பத்து. இன்று பாடி, தூங்கி எழுந்து, நாளைக்கு மறுபடி பாடும்போது படிகிற மாதிரி ஒரே நாளில் எத்தனை தடவை பாடினாலும் படியாது.

அந்த இருபது நிமிஷத்தில் முதல் ஐந்து நிமிஷம் தம்புராவோடு ஸா மட்டும். வேறு எதுவும் வேண்டாம். வாயை நன்றாகத் திறந்து, ஒரே மூச்சில் எட்டு நொடி ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள், பிறகு பா, பிறகு மேல் ஸா. கேட்க எளிதாக இருக்கும், உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்! அப்புறம் ஜண்டைக்கு முன்னால் கற்ற ஸரளி வரிசையில் ஒன்றே ஒன்று, மெதுவான முதல் காலத்தில், நொடிக்கு ஒரு ஸ்வரமாக, முதலில் ஸ்வரம் சொல்லி, பிறகு ‘ஆ’ என்று அகாரத்தில். வேகமான மூன்றாம் காலத்தை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். வேகத்தில் ஸ்வரம் இடம் தவறுகிற பிழை காதுக்குத் தப்பிவிடும், நமக்கும் பாட வந்துவிட்ட மாதிரி ஒரு பிரமை.

உங்கள் தப்பு எங்கே இருக்கும் என்பதைக் கேட்காமலே ஓரளவு சொல்லிவிடலாம், ரிஷபத்திலும் தைவதத்திலும். வரிசைகளைப் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தில் ரி ஸாவை ஒட்டி இருக்கும், அங்கிருந்து க நல்ல தூரம். பாவுக்கு மேலே த, நி இரண்டும் இதே அமைப்புதான். சினிமாப் பாட்டில் பழகிய காது அந்தச் சின்ன ரிஷபத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துவிடும். ஸா ரி ஸா, பா த பா என்று மெதுவாக, தம்புராவோடு உரசுகிற அந்த நெருக்கம் காதுக்குப் பிடிபடும் வரை பாடுங்கள். ஜண்டையில் இரட்டை ஸ்வரத்தின் இரண்டாவதற்குத்தான் அழுத்தம், அது வயிற்றிலிருந்து வர வேண்டும், தொண்டையில் கொடுத்தால் மறுபடியும் இறுக்கம்தான்.

பதிவு செய்வது நல்ல பழக்கம், ஆனால் பாடிய கையோடு கேட்காதீர்கள். ஒரு வரிசையை மட்டும் பதிந்து மறுநாள் சாதகத்துக்கு முன்னால் ஒரு தடவை கேளுங்கள், ஒரே ஒரு தப்பை எடுத்துக்கொண்டு அன்றைக்கு அதை மட்டும் பாருங்கள். மாதத்தின் முதல் நாள் பதிவை அழிக்காமல் வையுங்கள், நேற்றோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது, மூன்று மாதத்துக்கு முந்தையதோடு ஒப்பிட்டால் தெரியும்.

இயற்கையாகக் குரல் அமையாதவர்களுக்குச் சங்கீதம் வராது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு இளமையில் குரல் ஒத்துழைக்கவில்லை, பேசாமல் வயலின் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள் என்பார்கள். விடாத சாதகத்தால் வழிக்குக் கொண்டுவந்த அந்தக் குரலோடு 1947-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். நீங்கள் கச்சேரி மேடையைக் கேட்கவில்லை, நாலு கீர்த்தனையைச் சுருதி விலகாமல் பாடக் கேட்கிறீர்கள். தினமும் உட்கார்ந்தால் இன்னும் ஆறு மாதத்தில் கீதம் என்கிற எளிய பாட்டு, இரண்டு மூன்று வருஷத்தில் அதைவிடக் கடினமான வர்ணம் என்பது என் கணிப்பு. வரிசை அலுத்துப்போனால் டீச்சரிடம் பிள்ளையார் கீதம் ஒன்றைக் கூடவே கேட்டுப் பாருங்கள், அது அமைந்த மலஹரி ராகமும் மாயாமாளவகௌளையில் பிறந்ததுதான், நீங்கள் தேய்க்கும் அதே ரியும் தவும் அங்கே பாட்டாக வரும்.

தேன், மிளகு, பனங்கற்கண்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதமாக இருக்கும், சுருதியைச் சேர்க்காது. நாள் முழுக்கத் தண்ணீர் குடியுங்கள், ஜலதோஷம் பிடித்தால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு பாட்டு கேளுங்கள். பாடி முடித்ததும் வலியோ கரகரப்போ இருந்தால் அன்றைய முறையில் ஏதோ தப்பு. பாடாமல் இருந்தும் இரண்டு மூன்று வாரம் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.